ராமநாதபுரம் கரை: புயல் நிவாரணக் கணக்கெடுப்பில் யார் விடுபடுகிறார்கள், ஊர் முன்கூட்டியே என்ன செய்யலாம்?

தொண்டிக்கரை எழுதியது:

ஐப்பசி பிறப்பதற்குள் இதைப் பேசி முடித்துவிட்டால் நல்லது என்றுதான் இந்த இழை.

நம் கரையில் புயல் நேராக வந்து ஏறுவது குறைவு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது பெரிய விதிவிலக்கு. 2018 கஜா வேதாரண்யம் பக்கம் ஏறியது. 2020 டிசம்பரில் புரெவி நம் கரைக்குப் பக்கத்திலேயே நின்று வலுவிழந்தது. 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லாமல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அதனால் நமக்கு வரும் சேதம் வேறு மாதிரி இருக்கும். நங்கூரம் போட்ட படகுகள் ஒன்றோடொன்று மோதி உடையும். வலை கடலோடு போகும். குடிசைக்குள் தண்ணீர் நிற்கும், கிணறு உப்பாகும், வளர்க்கும் கடல்பாசி அழுகும். பத்திரிகையில் படம் வராத சேதம் இது. அதனாலேயே கணக்கெடுப்பும் அரைகுறையாக முடிந்துவிடுகிறது.

நிவாரணம் நியாயமாகப் போகுமா போகாதா என்பது முதல் நாலைந்து நாளில், விஏஓவும் மீன்வளத்துறைக்காரர்களும் நோட்டோடு வரும்போதே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு மறியல் பண்ணினாலும் பட்டியலில் ஏறுவது சில பெயர்கள்தான். ஆகவே ஊர் தன் கணக்கை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் அவரவர் பகுதியைச் சொல்லுங்கள்.

---

கணக்கு_பரமக்குடி எழுதியது:

முதலில் தொகைகளைத் தெரிந்துகொள்வோம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022-26 காலத்துக்கு வகுத்த அளவுகள் இவை.

வீடு முழுதாக இடிந்தால் சமவெளிப் பகுதியில் 1,20,000 ரூபாய். காரை வீட்டில் குறைந்தது 15 சதவீதம் சேதம் என்றால் 6,500, மண் வீடு போன்ற கச்சா வீட்டுக்கு 4,000. குடிசை என்றால் 8,000, அவ்வளவுதான். வீடு அழிந்தாலோ இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் இருந்தாலோ துணிக்கு 2,500, பாத்திர பண்டத்துக்கு 2,500. மீனவருக்கு: படகு முழுதாகப் போனால் 15,000, பழுதுக்கு 6,000, வலை முழுதாகப் போனால் 4,000, பழுதுக்கு 3,000. ஆடு 4,000, கறவை மாடு 37,500.

இதற்கு மேல் மாநில அரசு அந்தந்தப் புயலுக்கு அரசாணை போட்டு உயர்த்தும். 2023 மிக்ஜாமின்போது கட்டுமரத்துக்கு 32,000 என்பதை 50,000 ஆக்கினார்கள், வலைக்கு 10,000 என்பது 15,000 ஆனது. அது தானாக நம் மாவட்டத்துக்கும் பொருந்தாது. எந்த மாவட்டங்களுக்கு என்று அரசாணையிலேயே இருக்கும், அதை முதலில் படியுங்கள்.

1,20,000க்கும் 8,000க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். வீட்டுத் தொகை கிடைக்க அது 'அனுமதி பெற்ற கட்டுமானம்' என்று அதிகாரி சான்று தர வேண்டும் என்று விதியில் இருக்கிறது. கடற்கரைப் புறம்போக்கில் ரெண்டு தலைமுறையாக ஓட்டு வீட்டில் இருப்பவரும் பட்டா இல்லை என்ற ஒரே காரணத்தால் குடிசைக் கணக்குக்குத் தள்ளப்படுகிறார். சேதம் ஒன்றுதான், பணம் பதினைந்தில் ஒரு பங்கு.

---

கீழக்கரை_தெற்குத்தெரு எழுதியது:

கணக்கு அண்ணன் சொன்ன பட்டா விஷயத்தில் ஒரு சின்ன வழி இருக்கிறது. பட்டா இல்லாதவர்கள் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண், புறம்போக்கில் இருப்பதற்காக வருவாய்த்துறை கொடுத்த பி மெமோ, இந்த மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். பி மெமோவைப் பார்த்தாலே நிறையப் பேர் பயந்து கிழித்துப் போடுகிறார்கள். அது அபராதக் காகிதம்தான், ஆனால் இன்ன வருஷத்திலிருந்து இந்த இடத்தில் குடியிருக்கிறார் என்பதற்கு அரசாங்கமே கொடுத்த எழுத்து வேறு ஏது? அதை வைத்து உடனே 1,20,000 கிடைத்துவிடாது. ஆனால் 'இங்கே வீடே இல்லை' என்று எழுத முடியாது. 'குடிசை இல்லை, ஓட்டு வீடு' என்று வாதாட அடி கிடைக்கும்.

அடுத்தது வாடகைக்காரர்கள். வீடு இடிந்த பணம் வீட்டுக்காரருக்குப் போகட்டும். துணி, பாத்திரப் பணம் உள்ளே குடியிருந்தவருக்குச் சேர வேண்டியது. கணக்கெடுக்க வருபவர் கதவைத் தட்டி 'இது யார் வீடு?' என்று கேட்டால் பதிலும் வீட்டுக்காரர் பெயராகவே வரும். 'இந்த வீட்டில் யார் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்?' என்று கேட்க வைப்பது ஊர்க்காரர் பொறுப்பு.

---

மண்டபம்_பாசி எழுதியது:

பாசி வேலையைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடகடல் பக்கம், மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன் தொட்டு தொண்டி வரைக்கும் கப்பாபைக்கஸ் என்ற கடல்பாசியை மிதவையில் வளர்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஒரு மிதவை 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், அதில் 20 கயிறு. ஒரு கயிற்றில் 20 இடத்தில் 150 கிராம் துண்டு கட்டினால் மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி ஆகும். 45 நாளில் அறுவடை. மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை கட்ட வேண்டும்.

புயலில் மூங்கில் போவதைவிடப் பெரிய இழப்பு விதைப்பாசி போவதுதான். மூங்கிலைக் கடன் வாங்கிக்கூட வாங்கலாம். கரை முழுக்க ஒரே நேரத்தில் பாசி அழிந்தால் விதைக்கு எங்கே போவது? இன்னொன்று, காற்றே அடிக்காமல் பெருமழை மட்டும் பெய்தாலும் கரையோரத் தண்ணீரில் உப்பு இறங்கிப் பாசி வெளுத்து உதிர்ந்துவிடும். மிதவை அப்படியே நிற்கும், பார்க்க வருகிறவர் 'சேதம் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அவரிடம் மிதவையைக் காட்டாதீர்கள், கயிற்றைத் தூக்கிக் காட்டுங்கள். நல்ல கயிறு கனமாக வரும், அழுகினது வெறும் முடிச்சோடு வரும். இரண்டையும் தராசில் போட்டுப் படம் எடுங்கள்.

மேலே அண்ணன் கொடுத்த பட்டியலில் படகு இருக்கிறது, வலை இருக்கிறது. பாசி மிதவைக்குத் தனி இனம் கிடையாது. பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் அலகு விலை வைத்து, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் என்று இருக்கிறது. அந்த விலையைக் காட்டி 'எங்கள் இழப்பு மிதவைக்கு இவ்வளவு' என்று மனுவில் எழுதலாம். விதைப்பாசியை ரூபாயாகக் கேட்காமல் கிலோவாகவே கேளுங்கள். பணம் வந்து விதை வராவிட்டால் அந்தப் பருவமே போச்சு.

தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கும் அக்காமார் நிலைமை இன்னும் மோசம். கண்ணாடி, கையில் சுற்றும் துணி, வலைப்பை, இதுதான் அவர்கள் சொத்து. உடைந்தது என்று காட்ட ஒன்றுமே இல்லை, போனது நாள்தான்.

---

கணக்கு_பரமக்குடி எழுதியது:

அக்கா சொன்ன 'போனது நாள்' என்பதற்கும் விதியில் ஒரு தலைப்பு இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. பேரிடரால் பிழைப்பு கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு, இரண்டு பெரியவர்கள் வரை, நூறு நாள் வேலைத் திட்டக் கூலி அளவில் வாழ்வாதார உதவி தரலாம். அந்தக் குடும்பம் நிவாரண முகாமில் தங்கியிருக்கக் கூடாது, மாநில அரசு சான்று தர வேண்டும். முங்குகிறவர்கள், படகுக் கூலிகள், கூடையில் மீன் தூக்கி விற்கும் பெண்கள், கரிமூட்டம் போடுகிறவர்கள், பனையேறிகள் எல்லாருக்கும் பொருந்துகிற தலைப்பு இது ஒன்றுதான். மனுவில் 'நிவாரணம் வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல் 'பிழைப்பு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான வாழ்வாதார உதவி' என்று தலைப்பைச் சொல்லி எழுதுங்கள். பெயர், வேலை, எத்தனை நாள் வேலை இல்லை என்ற பட்டியலையும் இணையுங்கள்.

---

வல்லம்காரன் எழுதியது:

எல்லாம் சரிண்ணே, ஆனா ஒண்ணு கேக்குறேன். இவ்வளவு பிரிச்சுப் பிரிச்சு எழுதினா ஊருக்குள்ள சண்டைதான் வரும். வந்ததை எல்லாருக்கும் சமமா பங்கு வச்சுட்டா பிரச்சினை இல்லையே? பல கரையில அப்படித்தானே நடக்குது. படகுக்காரனுக்கு மட்டும் பணம், கூட வந்த நாலு பேருக்கு ஒண்ணும் இல்லைன்னா அடுத்த நாள் எவன் தொழிலுக்கு வருவான்?

---

தொண்டிக்கரை எழுதியது:

தம்பி, கேள்வி நியாயமானது. ஆனால் சமமாகப் பிரிப்பது எல்லா இடத்திலும் நியாயமாகிவிடாது. என் கருத்து இது.

முதல் வாரத்து அரிசி, பருப்பு, தண்ணீர், தார்ப்பாய் சமமாகத்தான் போக வேண்டும். அதையும் கார்டுக்கு ஒன்று என்று கொடுக்கக் கூடாது, அடுப்புக்கு ஒன்று என்று கொடுக்க வேண்டும். ஒரே குடும்ப அட்டையில் மூன்று அடுப்பு எரிகிற வீடு நம் கரையில் நிறைய. கார்டுக்கு ஒரு பை என்றால் அந்த மூன்று குடும்பமும் ஒரு பையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

படகு, வலைக்கு வருகிற பணம் வேறு. அதைப் பங்கு போட்டால் படகுக்காரர் மறுபடி வட்டிக்கோ யாவாரியிடம் முன்பணத்துக்கோ போய் நிற்பார். முன்பணம் வாங்கினால் மீனை அவர் சொன்ன விலைக்குத்தான் போட வேண்டும். கடைசியில் அந்தக் குறைந்த விலை கூலிகளின் பங்கிலும் இறங்கும். அதனால் சொத்துப் பணம் சொத்துக்காரருக்கு. கூலிகளுக்குக் கணக்கு அண்ணன் சொன்ன வாழ்வாதாரத் தலைப்பில் தனியாக மனு. அதோடு மீன் ஏலத்தில் ஊர்ப் பொதுவுக்குப் பிடிக்கும் மகமையில் ஒரு பகுதியை இதற்கென்றே ஒதுக்கலாம். ஏலத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் போதும். தனி வங்கிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து, அதில் ஒருவர் கட்டாயம் பெண். கடலுக்குப் போகாத நாளுக்கு, பெயர்ப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கூலிக்கும் ஒரே தொகை. இங்கே நீங்கள் கேட்கும் சமம் சரியாகப் பொருந்தும்.

---

வல்லம்காரன் எழுதியது:

அடுப்புக்கு ஒண்ணுங்கிறது நல்லா இருக்கு. மகமை விஷயத்தை ஊர்க்கூட்டத்துல வச்சுப் பாக்குறேன்ணே. ஆனா வெளியூர்லேருந்து வேன்ல வர்ற சாமானை என்ன பண்றது? மெயின் ரோட்டுலயே இறக்கிட்டுப் போயிடுறாங்க. கடைசித் தெருக்காரங்க வந்து பாக்குறதுக்குள்ள காலி.

---

கீழக்கரை_தெற்குத்தெரு எழுதியது:

அதற்கு ஊர் எல்லையிலேயே ஒருவர் நின்று வண்டியை மறித்து, எந்தத் தெருவுக்கு இன்னும் போகவில்லை என்று பட்டியலைக் காட்ட வேண்டும். கொண்டு வருகிறவர்களுக்கும் அதுதான் வேண்டும், அவர்களுக்கு வழி தெரியாது, அவ்வளவுதான். பட்டியல் கடைசித் தெருவிலிருந்து தொடங்கட்டும். ஒரு விஷயம் எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்: 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிரிவு 61, நிவாரணம் தருவதில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. காலனிக்குள் கணக்கெடுப்பே போகவில்லை என்றால் மனுவின் முதல் வரியில் இந்தப் பிரிவை எழுதுங்கள்.

---

ஊர்நோட்டு எழுதியது:

ஊர் தன் கணக்கை எழுதி வைக்கும் நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் தனியாகக் கேட்டிருந்தீர்கள். விரிவாகவே எழுதுகிறேன், இழையின் முக்கிய வேலையே இதுதான்.

நீளமான கணக்கு நோட்டு ஒன்று. ஒரு அடுப்புக்கு ஒரு பக்கம், வரிசை எண்ணோடு. குடும்பத் தலைவர் பெயரோடு மனைவி பெயரையும் அதே அளவில் எழுதுங்கள். தனியாக வாழும் பெண்களுக்குத் தனிப் பக்கம், அண்ணன் வீட்டுப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்காதீர்கள். குடும்ப அட்டை எண், கதவு எண், மின் இணைப்பு எண். வீடு காரையா, ஓடா, ஷீட்டா, கீற்றா, சொந்தமா வாடகையா, பட்டா உண்டா இல்லையா. தொழில் பகுதியில் படகு வகை, பதிவு எண், இன்ஜின் குதிரைத்திறன், இன்ஜின் தகட்டில் இருக்கும் எண். வலையை 'நாலு வலை' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. நண்டு வலை இத்தனை கிலோ, சூடை வலை இத்தனை கிலோ, கண்ணி அளவு இவ்வளவு என்று எழுதுங்கள். கூலிக்குப் போகிறவர் எந்தப் படகில் வழக்கமாகப் போகிறார், பாசி மிதவை எத்தனை, ஆடு எத்தனை. கடைசி வரியில் நடக்க முடியாதவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர், தினமும் மாத்திரை எடுப்பவர்.

ஆதார் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் எழுதினால் போதும். இந்த எண்களும் நோய் விவரமும் உள்ள பக்கத்தை ஊர்ச் சாவடியில் ஒட்டக் கூடாது.

எழுதுவது ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தெருவுக்கு ஒருவர், அதில் பாதிப் பேர் பெண்கள். எழுதி முடித்ததும் ஊர்க்கூட்டத்தில் பெயர், வீடு, தொழில் மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டும். விடுபட்டவர் அங்கேயே சொல்லுவார், கூட்டி எழுதியதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கூட்டி எழுதுவது பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பத்து வலையை இருபது என்று எழுதினால் வருகிற அதிகாரி நம்ப மாட்டார், மொத்தப் பட்டியலையும் பாதியாக வெட்டுவார். அதில் உண்மையாக எழுதியவர்தான் முதலில் அடிபடுவார். பொய்க் கோரிக்கைக்கு அதே 2005 சட்டத்தின் பிரிவு 52இல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

படங்கள்: இடமும் தேதியும் விழுகிற கேமரா செயலியில் எடுக்க வேண்டும். படகின் இரண்டு பக்கம், பதிவு எண், இன்ஜின் தகடு, தராசில் வலை, வீட்டின் நாலு பக்கம், கூரை உள்பக்கம். பருவத்துக்கு முன் ஒரு தரம், சேதத்துக்குப் பிறகு அதே கோணத்தில் ஒரு தரம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பேச்சே வேண்டாம். கடலில் வலை போனால் காட்ட ஒன்றும் மிஞ்சாது, ஆகவே முன் எடுத்த படம்தான் ஒரே சாட்சி. கரை திரும்பிய அன்றே மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மறுநாள் என்று தள்ளினால் 'பழைய வலை' என்று சொல்ல இடம் கொடுக்கிறோம்.

---

மண்டபம்_பாசி எழுதியது:

படகுக்கு மகஜர், அதாவது அதிகாரி நேரில் பார்த்து எழுதும் சேதக் குறிப்பு, போடும்போது ஒரு எச்சரிக்கை. மகஜரில் 'பகுதி சேதம்' என்று ஒரு வார்த்தை விழுந்தால் 15,000 என்பது 6,000 ஆகிவிடும். ஏரா (படகின் அடிக்கட்டை) முறிந்த வல்லத்தைப் பலகை மட்டும் உடைந்ததாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால் பக்கத்திலேயே 'ஏரா முறிந்துள்ளது, பழுதுபார்க்க இயலாது' என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். படகு கட்டும் ஆசாரியிடம் பழுதுச் செலவு மதிப்பீடும் வாங்கி இணையுங்கள்.

---

கணக்கு_பரமக்குடி எழுதியது:

பட்டியலில் பெயர் ஏறியும் பணம் வராதவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஆதார் இணைப்பு. ஆதார் வழியாக அனுப்பும் பணம் நீங்கள் பாஸ்புக் கொடுத்த கணக்குக்குப் போகாது, கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போகும். அந்தக் கணக்கு வருஷக்கணக்கில் செயல்படாமல் கிடந்தால் பணம் திரும்பிவிடும். பருவத்துக்கு முன்பே ஊரில் ஒரு நாள் வைத்து, ஒவ்வொருவரும் எந்த வங்கியில் இணைப்பு நிற்கிறது என்று ஆதார் இணையதளத்திலோ வங்கியிலோ பார்த்து நோட்டில் எழுதிவிடுங்கள். பெண்களுக்கு அவர்கள் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும். பாசி மிதவையின் இழப்பு வீட்டுக்காரர் கணக்கில் விழுந்தால் விதைப்பாசியாக மாறுவது சிரமம்.

---

ஊற்றுத்தண்ணி எழுதியது:

பணத்தைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், தண்ணீரையும் பேசுவோம். முதல் வாரத்தில் ஏழைக்கும் வசதியானவருக்கும் வித்தியாசம் தெரிகிற இடம் அதுதான். காசுள்ளவர் டேங்கர் வாங்குவார்.

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும். கடல்நீர் ஏறிய கிணற்றை மோட்டார் வைத்து அடிவரை இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும், கிணறு மாதக்கணக்கில் கெட்டுப்போகும். குப்பையை எடுங்கள், கலங்கலை ஒரு தரம் மெதுவாக இறைத்து நிறுத்துங்கள், மிச்சத்தை மழை கழுவட்டும்.

கிருமிக்கு: 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். கிணற்று விட்டம் 1.5 மீட்டர், தண்ணீர் 2 மீட்டர் என்றால் சுமார் 3,500 லிட்டர், அதற்கு 9 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும், சோதனைப் பெட்டி ஊராட்சித் தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கும். நம் ஈரக் காற்றில் திறந்த மூட்டை சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். கட்டிதட்டி, நெடி இல்லாமல் இருந்தால் அதை நம்பாதீர்கள். குளோரின் உப்பை எடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முகாமுக்கான தேசிய அளவு: ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம், நாளுக்குக் குறைந்தது 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமோ புயல் காப்பகமோ எத்தனை பேருக்குக் காணும் என்று இப்போதே நாடா பிடித்து அளந்து நோட்டில் எழுதுங்கள். 10க்கு 6 மீட்டர் அறை என்றால் 17 பேர். அங்கே 60 பேரை அடைத்தால் பெண்கள் இரவில் வீடு திரும்பிவிடுவார்கள், வீடு இன்னும் தண்ணீரில் இருந்தாலும்.

---

வல்லம்காரன் எழுதியது:

பட்டியல்ல பேரே வரலைன்னா அடுத்து என்னண்ணே?

---

கீழக்கரை_தெற்குத்தெரு எழுதியது:

வரிசையாகச் சொல்கிறேன் தம்பி. விஏஓ அலுவலகத்தில் பட்டியலைப் பார்க்கக் கேளுங்கள். பெயர் இல்லை என்றால் தாசில்தாருக்கு எழுத்தில் மனு, ஒப்புகை வாங்காமல் திரும்ப வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே மனு, முதல் மனுவின் தேதியோடு. முப்பது பேர் விடுபட்டிருந்தால் ஒரே மனுவில் முப்பது கையெழுத்து வாங்காதீர்கள், அது ஒரு எண்ணாகத்தான் பதிவாகும். முப்பது மனுவாகக் கொடுங்கள், மேலே ஒரு பொதுப் பட்டியல் வையுங்கள்.

பட்டியலையே காட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(பி)யில் இருக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் 30 நாள்தான் அவகாசம். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு 1987 சட்டப் பணிகள் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி உரிமை, தொலைபேசி 15100.

---

ஊர்நோட்டு எழுதியது:

நகல் பற்றி எழுத மறந்துவிட்டேன். நோட்டு இரண்டு படி. ஒன்று ஊர்த் தலைவரிடம், இன்னொன்று மேட்டுத் தெருவில் ஒரு பெண் உறுப்பினர் வீட்டில், தடித்த பாலித்தீன் பையில். எல்லாப் பக்கமும் போனில் படமாக இரண்டு பேரிடம். அக்டோபர் 2 கிராம சபையில் 'ஊரின் பேரிடர்ப் பதிவேடு தயார், கணக்கெடுப்பின்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்' என்று தீர்மானம் போட்டு, தீர்மான நகலைத் தாசில்தாருக்கும் மீன்வள உதவி இயக்குநருக்கும் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். தபால் ரசீதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.